பேட்டரிக் கோடா, சிக்னல் கோடா?

போன மாதம் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, செல்போன் டவரால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாக் கேள்விகளையும் ஓரங்கட்டிவிட்டன. பாதிப் பேர் "எந்தக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினீர்கள்" என்கிறார்கள். மீதிப் பேர் உண்மையாகவே பயந்து கேட்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க இதுதான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. தொலைபேசித் துறையில் கேபிளும் டவருமாக முப்பது வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். கம்பெனி எனக்குக் கொடுத்தது ஒரு சிம் கார்டு, அதற்கும் நான்தான் ரீசார்ஜ் செய்கிறேன்.

*பேட்டரி கடைசிக் கோட்டில் இருக்கும்போது போனை எடுக்கக் கூடாது, அப்போது கதிர்வீச்சு 1000 மடங்கு அதிகம், இடது காதில்தான் பேச வேண்டும் என்று எங்கள் குடும்ப குரூப்பில் வந்தது. உண்மையா?*
— ஓய்வு பெற்ற ஆசிரியை, ஸ்ரீரங்கம்

டீச்சர், இது வாட்ஸ்அப்புக்கும் மூத்த செய்தி. பேட்டரி நூறு சதவீதம் இருந்தாலும் இரண்டு சதவீதம் இருந்தாலும் போன் அனுப்பும் அலையின் பலம் அதனால் கூடுவதில்லை. இடது காது வலது காது என்பதும் கதைதான், மூளை இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஆனால் இந்தப் பொய்க்குள் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. யாரோ கோட்டை மாற்றிப் படித்துவிட்டார்கள் என்பது என் ஊகம். திரையின் மேல் ஓரத்தில் பேட்டரிக் கோடு ஒன்று, சிக்னல் கோடு ஒன்று, இரண்டு இருக்கிறது அல்லவா? நீங்கள் பார்க்க வேண்டியது சிக்னல் கோட்டை. முன் பெஞ்சுப் பையனிடம் பேச மெல்லிய குரல் போதும், மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவனைக் கூப்பிட அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும், உங்களுக்குத் தெரியாததா. போனும் அப்படித்தான். டவர் கிட்ட இருந்தால் முணுமுணுக்கும், தூரத்தில் இருந்தாலோ நடுவில் கனமான சுவர் இருந்தாலோ கத்தும். கத்தும்போது உங்கள் காதோரம் வருகிற அலையும் அதிகம், பேட்டரியும் சீக்கிரம் தீரும். லிஃப்ட்டுக்குள், அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில், வால்பாறை மலையேறும் பஸ்ஸில் ஒரே ஒரு கோட்டை வைத்துக்கொண்டு "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்று நாம் கத்தும் அதே நேரம் போனும் கத்திக்கொண்டிருக்கிறது. அங்கெல்லாம் பேச்சைத் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால் ஸ்பீக்கரில் போட்டு ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், அந்த ஒரு சாணிலேயே பல மடங்கு குறைந்துவிடும். இதை ஆபத்து என்று சொல்லவில்லை, குறைக்க விரும்புகிறவருக்குக் காசில்லாத வழி என்று சொல்கிறேன்.

குரூப்பில் அடுத்ததாக "இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமியைக் கடக்கின்றன, போனை அணைத்துவிடுங்கள், சிங்கப்பூர் டிவி, நாசா" என்று ஒன்று வரும். வருடம் தவறாமல் வருகிறது. அந்த நேரத்தில் போனை அணைத்துவிட்டுத் தூங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, காரணம் மட்டும் தப்பு.

*எங்கள் தெருவில் அடுத்த வீட்டு மாடியில் டவர் வைக்கப் போகிறார்கள். தெருவே சேர்ந்து கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போகிறோம். நீங்களோ பயம் வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பக்கத்தில் வைத்தால் சும்மா இருப்பீர்களா?*
— ஒரு வாசகர், திண்டுக்கல்

இருப்பேன் ஐயா. இருக்கிறேனும்கூட, என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டு மாடியில் ஒன்று நிற்கிறது.

டவரைப் பார்த்தால் ராட்சசன் மாதிரி இருக்கிறது, அதனால் பயமும் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டெனா அலையைக் கிடைமட்டமாக, கொஞ்சம் கீழே சாய்த்து, தூரத்துக்கு வீசுகிறது. கலங்கரை விளக்கத்துக்கு நேர் கீழே நிற்பவன் மேல் வெளிச்சம் விழாது இல்லையா, அது போல டவருக்கு அடியில் இருக்கும் வீட்டில் அலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். தூரம் கூடக் கூட அலை மளமளவென்று பலம் இழக்கும். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் கால் பங்கு, மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒரு பங்கு. உங்கள் தலைக்குக் கிடைக்கிற அலையில் பெரும் பகுதி டவரிலிருந்து வருவதில்லை, காதில் ஒட்டி வைத்திருக்கும் உங்கள் சொந்தப் போனிலிருந்து வருகிறது.

இப்போது யோசியுங்கள். மனு வென்றது, டவர் வரவில்லை. போன் யாராவது விட்டீர்களா? இல்லை. தெருவில் நாற்பது வீட்டிலும் அது ஒரு கோடு சிக்னலோடு தூரத்து டவரைத் தேடிக் கத்தும். விரட்டியது டவரை, கூட்டிக்கொண்டது காதோர அலையை.

சட்டம் பற்றியும் கேட்கிறீர்கள். உலக அளவில் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் வரம்பு ஒன்று உண்டு, அதில் பத்தில் ஒரு பங்குதான் டவரிலிருந்து வரலாம் என்று 2012 செப்டம்பர் 1 முதல் இந்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2017இல் தரங் சஞ்சார் என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். உங்கள் பகுதியில் எங்கே எந்த டவர் இருக்கிறது, விதிப்படி இருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் ஆள் வந்து உங்கள் வீட்டிலேயே அளந்து தரும் ஏற்பாட்டையும் அதில் வைத்தார்கள். தெருவே சேர்ந்தால் தலைக்கு நூறு ரூபாய்.

மனுக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுங்கள், ஆனால் சரியான காரணத்துக்குக் கொடுங்கள். அந்த வீடு எத்தனை வருடத்துக் கட்டடம், மேல்தளம் அந்த எடையைத் தாங்குமா, பொறியாளர் சான்று இருக்கிறதா, புயல் காற்றுக்கு என்ன ஏற்பாடு, கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டரின் சத்தமும் டீசல் புகையும் யார் படுக்கையறை ஜன்னலுக்குள் போகும். நான் வேலையில் இருந்தபோது இந்தக் கேள்வியை எந்தத் தெருக்காரரும் கேட்டதில்லை. எல்லாரும் கண்ணுக்குத் தெரியாத அலையைப் பற்றியே கேட்டார்கள், கண்ணெதிரே விரிசல் விட்ட பாராபெட் சுவரை யாரும் பார்க்கவில்லை.

*சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். செல்போனால் மூளையில் கட்டி வருமா, வராதா? உலக சுகாதார நிறுவனமே வரலாம் என்று சொல்லியிருக்கிறதே?*
— ஒரு வாசகர், ஓசூர்

வரும் என்று காட்டும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை. இதற்கு மேல் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

நீங்கள் சொல்வது 2011 மே மாதத்துச் செய்தி. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, ரேடியோ அலைகளை 2பி என்ற பட்டியலில் சேர்த்தது. "புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆதாரம் போதாது" என்பதுதான் அந்தப் பட்டியலின் அர்த்தம். அதே பட்டியலில் சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறு இருக்கிறது, ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகள் இருக்கின்றன (நம்ம ஆவக்காயைச் சொல்லவில்லை, சாப்பிடுங்கள்). ஒரு பொருள் எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை, சந்தேகத்துக்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. செய்தித்தாள்கள் தலைப்பில் "புற்றுநோய்" என்பதைப் பெரிதாகப் போட்டுவிட்டு மற்றதை மூன்றாம் பத்தியில் வைத்தன.

அந்த முடிவுக்கு முக்கியமான அடிப்படைகளில் ஒன்று 13 நாடுகளில் நடந்து 2010இல் வெளிவந்த பெரிய ஆய்வு. மொத்தத்தில் கட்டி அதிகமாகவில்லை. ஆனால் வாழ்நாளில் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம் மட்டும் 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் எப்படி எடுத்தார்கள்? கட்டி வந்தவரிடம் போய், பத்து வருடத்துக்கு முன் தினம் எவ்வளவு நேரம் பேசினீர்கள், எந்தக் காதில் என்று கேட்டார்கள். போன வாரம் எவ்வளவு பேசினோம் என்றே நமக்கு நினைவில்லை. நோய் வந்தவர் காரணம் தேடுவார், அது மனித இயல்பு. நம்ப முடியாத அளவுக்குத் தினம் 12 மணி நேரம் பேசினேன் என்று சொன்னவர்களும் அதில் உண்டு. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று ஆய்வு செய்தவர்களே எழுதினார்கள்.

அதன் பிறகு, நினைவை மட்டும் நம்பாமல், ஆட்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் வந்தன. டென்மார்க்கில் செல்போன் இணைப்பு வாங்கிய சுமார் 4 லட்சம் பேர். பிரிட்டனில் 7 லட்சத்து 76 ஆயிரம் பெண்கள், முடிவு 2022இல் வந்தது. இரண்டிலும் கட்டி கூடவில்லை. 2024இல் உலக சுகாதார நிறுவனமே கேட்டுக்கொண்டு செய்த தொகுப்பு 63 ஆய்வுகளை அலசியது, பத்து வருடத்துக்கு மேல் பேசியவர்களிடமும் தொடர்பு தெரியவில்லை. இதெல்லாம் வேண்டாம், எளிய கணக்கு ஒன்று போடுங்கள்: முப்பது வருடத்தில் செல்போன் இல்லாத ஆளே இல்லை என்றாகிவிட்டது, நோய்ப் பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருக்கும் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் மூளைக்கட்டிக் கணக்கு அதற்கேற்ப எகிறியிருக்க வேண்டுமே? எகிறவில்லை.

எலி ஆராய்ச்சி பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், அமெரிக்காவில் 2018இல் முடிவு வந்தது. தினம் ஒன்பது மணி நேரம், இரண்டு வருடம், உடம்பு முழுவதும் அலை பாய்ச்சினார்கள். ஆண் எலிகள் சிலவற்றுக்கு இதயத்தில் கட்டி வந்தது. பெண் எலிகளில் அப்படித் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. அலை பட்ட ஆண் எலிகள் படாத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன! இதை யாரும் தலைப்பாகப் போடவில்லை.

*நட்சத்திரம் ஹேஷ் 07 ஹேஷ் அடித்தால் ஒரு எண் வருகிறதே, என்னுடையதில் 1.19, தோழியுடையதில் 0.87. நான் போனை மாற்ற வேண்டுமா சார்?*
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

வேண்டாம். அந்த எண், போன் முழு பலத்தில் கத்தும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட் ஆற்றல் உடம்பில் சேரலாம் என்ற உச்சக் கணக்கு. இந்தியாவில் 1.6ஐத் தாண்டக் கூடாது, இதுவும் 2012 செப்டம்பரில் வந்த விதி. அதற்கு முன் 2 வரை விட்டிருந்தார்கள். உன் போனும் தோழியின் போனும் இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன. அவள் சிக்னல் இல்லாத ஹாஸ்டல் மூலையிலிருந்து 0.87 போனில் பேசினால், நல்ல சிக்னலில் 1.19 போனில் பேசும் உன்னைவிட அவளுக்கு அதிகம் கிடைக்கலாம்.

வரம்பை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சம்பவம்: 2023 செப்டம்பரில் பிரான்ஸ் அரசு ஐபோன் 12 விற்பனையை நிறுத்தச் சொன்னது. கையில் பிடித்தோ பையிலோ வைத்திருக்கும்போது ஐரோப்பிய வரம்பு 4, அளந்தபோது வந்தது 5.74. மென்பொருளை மாற்றி அனுப்பிச் சரிசெய்தார்கள். இந்த வரம்புகள் எல்லாமே, உடம்பு சூடாகத் தொடங்கும் அளவுக்கு ரொம்பக் கீழே வைக்கப்பட்டவை. அதனால் யாருக்கும் நோய் வந்துவிடும் என்பதற்காக அது நடக்கவில்லை, விதி விதிதான் என்பதற்காக நடந்தது.

*கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. பேண்ட் பாக்கெட்டில் போன் வைப்பதால்தான் என்று அம்மா சொல்கிறார்.*
— பெயர் வேண்டாம், ஈரோடு

தம்பி, இதில் நான் "ஒன்றுமே இல்லை" என்று அடித்துச் சொல்லமாட்டேன், மற்ற விஷயங்களைவிட இங்கே கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 2005 முதல் 2018 வரை 18 முதல் 22 வயது இளைஞர்கள் 2,886 பேரைச் சோதித்தார்கள். தினம் இருபது முறைக்கு மேல் போனை எடுத்துப் பயன்படுத்தியவர்களிடம் விந்தணு அடர்த்தி ஓரளவு குறைவாக இருந்தது. வாரம் ஒரு முறைக்கு மேல் தொடாதவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 5.65 கோடி, இவர்களுக்கு 4.45 கோடி. 4.45 கோடியும் பிள்ளை பெறப் போதுமான அளவுதான். இந்த வித்தியாசம் 2ஜி காலத்தில் அதிகமாகத் தெரிந்தது, 4ஜி வந்த பிறகு மங்கிவிட்டது. பழைய 2ஜி போன் துடிப்புத் துடிப்பாக 2 வாட் வரை அனுப்பும், 4ஜி போனுக்கு உச்சமே சுமார் 0.2 வாட், காரணம் அதுவாக இருக்கலாம். பாக்கெட்டில் வைத்ததற்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பு தெரியவில்லை.

அம்மா மனது ஆறுவதற்காகப் போனைச் சட்டைப் பைக்கோ தோள்பைக்கோ மாற்றுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அதோடு நிற்காதீர்கள். சிகரெட், மடியில் வைத்த சூடான லேப்டாப், உடல் எடை, சர்க்கரை, இதெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். மூன்று வருடம் என்பது காத்திருக்கும் காலம் தாண்டிவிட்டது, இருவரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்கள். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு வெளியே உட்காரக் கூடாது.

*போனின் பின்னால் ஒட்டினால் கதிர்வீச்சை 99 சதவீதம் தடுக்கும் ஸ்டிக்கரைப் பஜாரில் 300 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா?*
— ஒரு வாசகர், விருதுநகர்

99 சதவீதம் தடுத்தால் போன் எப்படிப் பேசும்? அலைதானே பேச்சே! ஒன்று அது எதையும் தடுக்கவில்லை, முந்நூறு ரூபாய் போச்சு. இல்லையென்றால் உண்மையிலேயே தடுக்கிறது, அப்போது போன் டவரை எட்டக் கூடுதலாகக் கத்தும். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் இதைச் சொல்லியே மக்களை எச்சரித்திருக்கிறது. 2020 அக்டோபரில் பசு நலனுக்காக மத்திய அரசு அமைத்த தேசிய காமதேனு ஆணையத்தின் தலைவர் மாட்டுச் சாணத்தில் செய்த சிப் ஒன்றைக் காட்டி, போனில் வைத்தால் கதிர்வீச்சு குறையும் என்றார். எந்த ஆய்வில், யார் அளந்தார்கள் என்று நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். சாணம் வாசலுக்கு நல்லது.

*டவர் வந்ததால்தானே சிட்டுக்குருவி போச்சு?*
— ஒரு வாசகி, கும்பகோணம்

சினிமாவிலேயே வந்துவிட்டதால் இதை மறுத்துப் பேச எனக்கே தயக்கமாக இருக்கிறது. பிரிட்டனில் குருவி 1970களின் கடைசியிலேயே குறையத் தொடங்கிவிட்டது, அங்கே செல்போன் வந்ததோ 1985இல். இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31, கல்கத்தாவில். நம் ஊரில் என்ன நடந்தது என்று கும்பகோணத்துக்காரர் நீங்களே யோசியுங்கள். ஓட்டு வீட்டு இறவாணத்திலும் உத்திரத்து இடுக்கிலும் கூடு கட்டியது, இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டு வழவழவென்று பூசிவிட்டோம். முற்றத்தில் முறத்தில் அரிசி புடைத்தபோது சிந்திய குருணை அதற்குச் சாப்பாடு, இப்போது அரிசி கல் நீக்கி பாக்கெட்டில் வருகிறது. குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும், தோட்டத்தில் மருந்தடித்துப் பூச்சியையும் முடித்துவிட்டோம். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பழியைத் தூக்கி டவர் மேல் வைப்பது நமக்கு வசதி.

*என் கணவர் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசியபடியே பைக் ஓட்டுகிறார். தலையோடு இறுக்கமாக இருப்பதால் கதிர்வீச்சு அதிகமாகத் தாக்குமா?*
— ஒரு வாசகி, திருப்பூர்

அம்மா, கதிர்வீச்சு தாக்குவதற்கு முன் லாரி தாக்கிவிடும். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசினால் விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தப் பக்கம் முழுக்க "இருக்கலாம்", "தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டு வந்தேன், இதற்கு மட்டும் எந்த இழுபறியும் இல்லை. ப்ளூடூத் மாட்டினால் சரியா என்று அடுத்துக் கேட்பார். பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் கை காலியாக இருந்தாலும் புத்தி எதிர்முனையில் இருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: அவர் வண்டியில் இருக்கும் நேரம் தெரிந்தால் நீங்கள் கூப்பிடாதீர்கள்.

*அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. செல்போன் பேசலாமா?*
— ஒரு வாசகர், மதுரை

பேசலாம். சட்டைப் பையில் கருவிக்கு மேலேயே வைக்கக் கூடாது, 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், கருவி இடப்பக்கம் என்றால் வலது காதில் பேசட்டும். புதிய போன்கள் சிலவற்றிலும் சில இயர்போன் பெட்டிகளிலும் காந்தம் இருக்கிறது, அதை நெஞ்சருகே கொண்டுபோனால் கருவி வேறு முறைக்கு மாறிவிடக்கூடும். அடுத்த முறை இதய டாக்டரிடம் போகும்போது போனையும் காட்டிக் கேளுங்கள்.

*மூன்று வயது மகன் போனைக் கொடுத்தால்தான் சோறு சாப்பிடுகிறான். கதிர்வீச்சுக்குப் பயந்து ஏரோப்ளேன் மோடில் போட்டுத்தான் கொடுக்கிறேன், சரிதானே?*
— ஒரு தாய், காஞ்சிபுரம்

ஏரோப்ளேன் மோடில் டவரோடு பேசும் அலை நின்றுவிடும், உண்மைதான். படம் நிற்கவில்லையே! இரண்டிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைக்கு எல்லாத் திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு வயதுக்குள் கூடவே கூடாது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அவன் என்ன சாப்பிடுகிறான், வயிறு நிறைந்ததா என்று அவனுக்கே தெரியாமல் வாய்க்குள் போகிறது. கண்ணும் கெடும். திரையைப் பார்க்கும்போது இமை கொட்டுவது குறைந்து கண் காய்கிறது, வெயிலில் விளையாடாத பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை அதிகமாக வருகிறது. நாலு நாள் அழுவான், ஒரு வேளை பட்டினிகூடக் கிடப்பான். பாட்டி இருந்தால் மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

*எல்லாருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் ராத்திரி உங்கள் போனை எங்கே வைப்பீர்கள்?*
— ஒரு வாசகர், சென்னை

சமையலறையில், ஃப்ரிட்ஜ் மேல். கதிர்வீச்சுக்குப் பயந்து இல்லை. தலைமாட்டில் இருந்தபோது ராத்திரி ஒரு மணிக்கு முழிப்பு வந்தால் எடுத்துப் பார்ப்பேன், யாரோ முன்பின் தெரியாதவரோடு டவர் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன், விடிந்துவிடும். இப்போது காலையில் அலாரம் அடித்தால் நான்தான் எழுந்து போய் நிறுத்த வேண்டும். போகிற வழியில் பால் பாக்கெட்டையும் எடுத்து வைத்துவிடுகிறேன் என்பதில் வீட்டம்மாவுக்கு ரொம்பத் திருப்தி.